ஹைட்ராலிக் கிளட்ச்: ஆயில் மாற்றி ஆறே மாதத்தில் மறுபடி ஏன் கறுக்கிறது?

நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் கிளட்ச் ஆயில் மாற்றினீர்கள். இப்போது ஹேண்டில்பாரில் இருக்கும் டப்பாவின் கண்ணாடி வழியே பார்த்தால் மறுபடி கறுத்துக் கிடக்கிறது. காலையில் வண்டி நன்றாகவே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடானபின் லீவரைக் கைப்பிடியோடு ஒட்டப் பிடித்தால்தான் கிளட்ச் விடுபடுகிறது, நின்ற இடத்தில் நியூட்ரல் விழ மறுக்கிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது மாதக் கணக்கு இல்லை என்று நினைக்கிறேன். புதிதாக ஊற்றியது எப்படி இவ்வளவு சீக்கிரம் அழுக்கானது, இந்த கிளட்சை நம்பித் தூரப் பயணம் கிளம்பலாமா, இதுதான் உண்மையான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாகப் பட்டறையில் இருக்கிறேன், அதில் பெரும்பகுதி பிரேக், ஹைட்ராலிக் வேலைதான். உங்கள் வண்டி எந்த மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் எல்லா வண்டிக்கும் பொதுவானதைச் சொல்லிக்கொண்டு போகிறேன், வண்டிக்கு வண்டி மாறுகிற இடம் வந்தால் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லீவரைப் பிடித்தால் அதன் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஃப்ளூயிடை, அதாவது நாம் ஆயில் என்று சொல்லும் திரவத்தைத் தள்ளுகிறது. அது ஹோஸ் வழியே கீழே போய் என்ஜின் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன் ஒரு நீளக் கம்பியை, அதாவது புஷ் ராடைத் தள்ளி, கிளட்ச் பிளேட்டுகளை அழுத்தியிருக்கும் பிரஷர் பிளேட்டைத் தூக்குகிறது. லீவரை விட்டால் எல்லாம் வந்த வழியே திரும்புகிறது. கவனியுங்கள், ஃப்ளூயிட் எங்கும் சுற்றி வருவதில்லை. இந்த லைன் ஒரு முட்டுச்சந்து. ஸ்லேவ் சிலிண்டரில் கிடக்கும் ஃப்ளூயிட் அங்கேயே முன்னும் பின்னும் அசைந்துகொண்டு, என்ஜின் சூட்டில் வெந்துகொண்டு, வருடக் கணக்கில் கிடக்கும். மேலே டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினால், கண்ணாடியில் பார்க்கத் தெளிவாக இருக்கும், கீழே ஒரு சொட்டுகூட மாறியிருக்காது. கொஞ்ச நாளில் கீழே இருந்த கறுப்பு மெல்ல மேலே கலந்து வரும். ஆறு மாதத்தில் கறுத்தது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான். மாற்றியவர் ஸ்லேவில் இருக்கும் நிப்பிளை, அதாவது ஃப்ளூயிடை வெளியே விடும் சின்னத் திறப்பைத் திறந்து கீழ்வழியாக வெளியேற்றினாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அது ஒழுங்காக நடந்திருந்தும் கறுக்கிறது என்றால், கறுப்பு எங்கோ உள்ளேயே உற்பத்தியாகிறது. சிலிண்டர்கள் அலுமினியம், அவற்றின் உள்சுவரில் கடினமான ஒரு மேல்பூச்சு இருக்கும். ரப்பர் சீல் அதன்மேல் ஆயிரக்கணக்கான முறை உரசுகிறது. நெரிசலில் ஓட்டினால் பிரேக்கைவிட கிளட்சைத்தான் அதிக முறை பிடிக்கிறோம். உரசிய ரப்பர் தூளும், பூச்சு தேய்ந்த இடத்தில் அலுமினியத் தூளும் ஃப்ளூயிடில் கலக்கின்றன. இன்னொன்று, ஃப்ளூயிட் பாட்டிலில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று தரம் போட்டு வருபவை எல்லாம் கிளைக்கால் வகை, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியை இறுக்கமாகப் போட்டிருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் சீல் வழியாகவும் ஈரம் மெல்ல இறங்கும். ஈரம் சேர்ந்தால் உள்ளே உலோகம் அரிக்கத் தொடங்கும், அரித்த இடம் சொரசொரப்பாகி சீலைத் தேய்க்கும், தேய்ந்த ரப்பர் மறுபடி கறுப்பாகும்.

பிரேக்கைவிட கிளட்ச் ஃப்ளூயிட் வேகமாகக் கெடுவதற்கு ஸ்லேவ் இருக்கும் இடமும் ஒரு காரணம். நிறைய வண்டிகளில் அது முன் ஸ்ப்ராக்கெட், அதாவது செயினை ஓட்டும் பல்சக்கரம், அதன் மூடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். செயினுக்குப் போட்ட லூப், சாலைத் தூசி, மழைச் சேறு எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். பிஸ்டனின் வெளிமுகம் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு முறை லீவரை விடும்போதும் பிஸ்டன் பின்வாங்குகிறது, பின்வாங்கும்போது ஓரத்தில் ஒட்டிய மணலையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் கிளட்சைச் சுத்தமாக வைத்துக்கொள்ள என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும், ஃப்ளூயிட் பாட்டிலை எடுக்கும் முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றுங்கள் என்று சொல்கிறேன்.

சூடானபின் மட்டும் லீவர் மோசமாவதைப் பற்றி. "ஃப்ளூயிட் கொதித்துவிடுகிறது" என்று பலர் சொல்வார்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகும் 155 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. கிளட்ச் ஸ்லேவ் சாதாரணமாக அவ்வளவு சூடாவதில்லை. ஆகவே மிகப் பழைய, தண்ணீர் நிறைய ஏறிய ஃப்ளூயிட் தவிர, கொதிப்புதான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் பெரும்பாலும் உள்ளே சிக்கியிருக்கும் காற்றுதான் காரணம். காற்று 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட கால் பங்கு பெரிதாகும். அது ஒன்றும் பெரிதில்லையே என்று தோன்றும், ஆனால் கிளட்சில் எல்லாமே சின்ன அளவுதான். ஒரு கணக்குக்காக மாஸ்டர் பிஸ்டன் 14 மில்லிமீட்டர், ஸ்லேவ் பிஸ்டன் 28 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு நான்கு மடங்கு. மேலே பிஸ்டன் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் கீழே இரண்டரை மில்லிமீட்டர்தான் நகரும். அந்த 10 மில்லிமீட்டரில் தள்ளப்படும் ஃப்ளூயிட் மொத்தமே ஒன்றரை மில்லிலிட்டர். உள்ளே ஆறு சொட்டு அளவுக்குக் காற்று இருந்தால், அதாவது 0.3 மில்லிலிட்டர், அது நசுங்குவதிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், கீழே 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பிளேட்டுகள் முழுதாகப் பிரியாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க இந்தக் குறைவே போதும். நியூட்ரல் விழாததற்கும் முதல் கியர் "டக்"கென்று குதிப்பதற்கும் இதுதான் வழி. கிளட்ச் பிளேட் மாற்றச் சொல்லி வந்த வண்டிகளில், வெறும் காற்றை எடுத்துவிட்டு அனுப்பியவை நிறைய.

எந்த ஃப்ளூயிட் ஊற்றுவது என்பதில் மட்டும் ஊகம் வேண்டாம். நாம் எல்லாரும் பிரேக் ஆயில், கிளட்ச் ஆயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் டாட் 4 எண்ணெய் வகையே இல்லை. அதே சமயம் சில வண்டிகளின் கிளட்சில் உண்மையிலேயே மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். மகுரா கிளட்ச் வைத்து வந்த சில கேடிஎம் வண்டிகள் அப்படி. அதே கேடிஎம்மில் பிரெம்போ கிளட்ச் வந்த வண்டிகளுக்கு டாட் 4. ஆகவே கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், டப்பா மூடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள், கையேட்டையும் பாருங்கள். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் சீல் ஊதிப்போகும். ஒருமுறை வேறொரு இடத்தில் மினரல் ஆயில் கிளட்சில் டாட் 4 ஊற்றி ஓட்டிய வண்டி எங்களிடம் வந்தது. மாஸ்டரின் ரப்பர் கப்பை (பிஸ்டனில் இருக்கும் சீல்) வெளியே எடுத்தபோது அது விரலில் பிசுபிசுத்தது, புதிய கப்பைப் பக்கத்தில் வைத்தால் அளவு வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஹோஸ் உட்பட ரப்பர் என்று இருந்த எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 5.1 ஊற்றலாம், இரண்டும் கலந்தாலும் கெடுதல் இல்லை. டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிலிக்கான், முற்றிலும் வேறு பொருள், அதை ஊற்றாதீர்கள். அப்புறம், திறந்து வைத்த பழைய பாட்டிலை நம்ப வேண்டாம். பாதி பாட்டில் அலமாரியில் ஒரு வருடம் இருந்தால் அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். டாங்கின் மேல் ஈரத்துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். டாட் ஃப்ளூயிட் பெயின்டைத் தின்றுவிடும், சிந்திய இடத்தில் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், துடைத்தால் மட்டும் போதாது. டப்பா மூடியில் இருக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் மென்மையானவை, தலை சீக்கிரம் சிதைந்துவிடும். அளவு சரியான ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் பிடியில் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அழுத்திக்கொண்டே திருப்புங்கள். ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூத் தலை சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது, அதற்கென்று தனி முனை கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. மூடி திறந்ததும் டப்பாவில் இருப்பதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் படிந்த சேற்றை இழை விடாத துணியால் துடைத்தெடுங்கள். இதைச் செய்யாமல் பம்ப் அடித்தால் மேலே இருந்த சேறு முழுவதும் ஹோஸுக்குள் போய்விடும்.

டப்பாவின் அடியில் இரண்டு ஓட்டைகள் தெரியும். ஒன்று பெரியது. இன்னொன்று ஊசி முனை அளவு, பல வண்டிகளில் ஒரு மூடித்தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இந்தச் சின்ன ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லீவரை விட்ட நிலையில் இந்த ஓட்டை திறந்திருக்கும். சூட்டில் விரியும் ஃப்ளூயிட் இதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. சேறு அடைத்துக்கொண்டால் விரிந்த ஃப்ளூயிட் போக வழியில்லாமல் ஸ்லேவ் பிஸ்டனைத் தள்ளும், யாரும் லீவரைத் தொடாமலே கிளட்ச் அரைகுறையாகப் பிரிந்து நிற்கும், வண்டி இழுக்காது, பிளேட் வீணாகத் தேயும். உங்கள் வண்டியில் சிக்கல் இதற்கு நேர்மாறு, இருந்தாலும் திறந்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள். லீவரை மெதுவாக விரல் நுனியால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அசைத்தால் அந்த ஓட்டையிலிருந்து ஃப்ளூயிட் ஒரு சின்ன ஊற்றுப் போலக் கொப்பளிக்க வேண்டும். மூடியை மேலே லேசாக வைத்துக்கொண்டு செய்யுங்கள், கண்ணில் தெறிக்கும். கொப்பளிக்கவில்லை என்றால் ஓட்டை அடைத்திருக்கிறது. நான் கிட்டாரின் மிக மெல்லிய தந்தியைத் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன், கால் மில்லிமீட்டர் தடிமன், அதை நுழைத்து எடுப்பேன். துளையிடும் கருவி எதையும் அதில் விடாதீர்கள். ஓட்டை பெரிதானாலோ ஓரம் கூர்மையானாலோ கீழே ஓடும் ரப்பர் கப் கிழிந்துவிடும்.

லீவர் மாற்றியிருக்கிறீர்களா என்றும் கேட்க வேண்டும். லீவரின் உள்முனை மாஸ்டர் பிஸ்டனை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தால், பிஸ்டன் முழுதாகப் பின்வராமல் இதே ஓட்டையை மூடிவிடும். வெளியில் வாங்கிப் போட்ட லீவர்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், சில வண்டிகளில் லீவருக்குள் ஒரு சின்னப் பித்தளை புஷ் இருக்கும், மாஸ்டரைத் தள்ளும் கம்பியின் முனை அதில் உட்காரும். அந்தக் குழி தேயத் தேய லீவர் வெறுமனே நகரும் தூரம் கூடும், கிளட்ச் விடுபடும் இடம் கைப்பிடியை நோக்கி நகரும். காற்றுப் புகுந்த மாதிரியே தோன்றும், எத்தனை முறை பிளீடிங் செய்தாலும், அதாவது லைனிலிருந்து காற்றை எடுத்தாலும், சரியாகாது. லீவரைக் கழற்றி அந்தப் புஷ்ஷைப் பார்த்துத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் வைக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். கையோடு லீவருக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் உறையையும் மடக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் மாஸ்டரின் பின் சீல் போய்விட்டது.

இப்போது ஃப்ளூயிடைக் கீழ்வழியாக மாற்றுவது. நிப்பிளில் தெளிவான ட்யூப் ஒன்றைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஃப்ளூயிட் இருக்கும் பாட்டிலில் மூழ்க விடுங்கள். லீவரை மெதுவாகப் பிடித்துக்கொண்டு நிப்பிளைக் கால் திருப்புத் திறந்து, லீவர் கைப்பிடியைத் தொட்டதும் நிப்பிளை மூடி, அப்புறம்தான் லீவரை விட வேண்டும். டப்பா ஒரு தடவைகூடக் காலியாகக் கூடாது. முதலில் வருவது சேறு, பிறகு மங்கல், பிறகு வெளிறிய வைக்கோல் நிறம். நிறம் தெளிந்த பின்னும் ஒரு பத்து முறை விடுங்கள். முழு லைனிலும் இருப்பது மிகக் கொஞ்சம், கால் லிட்டர் பாட்டில் தாராளம். நிப்பிள் மிகச் சின்னது, பெரும்பாலும் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்தான் கேட்கும், பலத்தைக் காட்டினால் உடைந்துவிடும்.

காற்று கடைசியாகச் சிக்கிக்கொள்ளும் இடம் கீழே இல்லை, மேலே. மாஸ்டரிலிருந்து ஹோஸ் புறப்படும் பேஞ்சோ போல்ட்தான் பெரும்பாலான வண்டிகளில் லைனின் மிக உயரமான இடம். கீழே எத்தனை முறை திறந்தாலும் அங்கே ஒரு குமிழி அசையாமல் நிற்கும். ஹேண்டிலைத் திருப்பி மாஸ்டரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, லீவரைத் தொடக்கத்தில் மட்டும் மிக மெல்ல அசைத்துக்கொண்டிருந்தால் ஊசி ஓட்டை வழியே குமிழிகள் ஒவ்வொன்றாக வரும். பொறுமை வேண்டும், பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். அப்படியும் போகாவிட்டால் பேஞ்சோ போல்ட்டைத் துணி சுற்றி, லீவரைப் பிடித்தபடி ஒரு கணம் தளர்த்தி மூடலாம். அதைக் கழற்றி மாட்டினால் இரண்டு பக்க வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள்.

கீழிருந்து சிரிஞ்சால் மேல்நோக்கித் தள்ளும் முறையும் இருக்கிறது, காலி லைனை நிரப்ப அது மிக நல்ல வழி, நானும் செய்கிறேன். ஆனால் பழைய அழுக்கு லைனில் அதை முதலில் செய்யாதீர்கள். ஸ்லேவில் கிடந்த சேறு அத்தனையும் நேராகப் போய் அந்த ஊசி ஓட்டையில் நிற்கும். வாக்யூம் பம்பு வைத்து இழுத்தால் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று வந்து குமிழி தீரவே தீராத மாதிரி காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லீவரை இரவு முழுவதும் கைப்பிடியோடு கட்டி வைத்தால் காலையில் காற்றுப் போய்விடும் என்பார்கள். பலன் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன், சில வண்டிகளில் ஒரு மாற்றமும் இல்லாததையும் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒட்டிய நுண்குமிழிகள் அழுத்தத்தில் விடுபட்டு மேலே ஏறுகின்றன என்பது என் ஊகம், அவ்வளவுதான். கெடுதல் இல்லை, ஆனால் ஒழுங்கான பிளீடிங்குக்கு இது மாற்று ஆகாது.

ஸ்லேவ் சிலிண்டருக்கு வருவோம், உங்கள் வண்டியில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். சில வண்டிகளில் இது வலப்பக்கம் கிளட்ச் மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் கியர்பாக்ஸின் பின்னால் ஒளிந்திருக்கும், அப்படிப்பட்டவற்றைக் கையேடு இல்லாமல் தொட வேண்டாம். ஸ்ப்ராக்கெட் பக்கம் இருந்தால் முதலில் வெளியே அப்பிய களியைக் குச்சியால் சுரண்டி, பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். ஆனால் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பர் சீல் பக்கம் போகக் கூடாது. வெளியே சுத்தமான பிறகு போல்ட்டுகளைக் கழற்றினால் ஸ்லேவ் ஹோஸோடு கையில் வரும். அந்த நிமிடத்திலிருந்து யாரும் லீவரைத் தொடக் கூடாது, தொட்டால் பிஸ்டன் வெளியே வந்து விழும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கே பிஸ்டனை மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும், ஆகவே ஒரு கேபிள் டையால் பிஸ்டனைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இப்போது பிஸ்டனைச் சுற்றிப் பாருங்கள். உலர்ந்த தூசி மட்டும் இருந்தால் நல்லது. ஈரமாக இருந்தால் அது எது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கே இரண்டு இடத்திலிருந்து கசியலாம். ஒன்று ஸ்லேவ் சீல். மற்றொன்று புஷ் ராட் என்ஜினுக்குள் போகும் இடத்தில் இருக்கும் சின்ன ஆயில் சீல். ஈரத்தைக் காகிதத்தில் தொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். டாட் ஃப்ளூயிட் என்றால் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும், என்ஜின் ஆயில் என்றால் மேலே வட்டமாக மிதக்கும். (மினரல் ஆயில் கிளட்ச் என்றால் இந்தச் சோதனை உதவாது, அதுவும் மிதக்கும்.) என்ஜின் ஆயில் கசிந்தால் அதை அலட்சியமாக விடாதீர்கள், டாட் ஃப்ளூயிடுக்கான ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப்போகும், ஆகவே ஒரு சீலின் கசிவு இன்னொரு சீலையும் கெடுக்கும்.

பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்க்கும்போது எனக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. சிலிண்டரின் அடியில், கடுகு அளவு தடிமனில், கறுத்த பசை மாதிரி ஒரு படிவு. விரலால் தேய்த்தால் மையைப் போல் ஒட்டும், நடுவில் நுண்ணிய வெள்ளி மினுமினுப்பு தெரியும். அந்த மினுமினுப்புதான் அலுமினியம். இவ்வளவும் படிந்திருக்கும் வண்டியில் மேலே டப்பா ஓரளவு தெளிவாகவே இருந்திருக்கும். உலோகப் பாகங்களை பிரேக் கிளீனரால் கழுவலாம். ரப்பரைப் புதிய ஃப்ளூயிடாலோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலோ மட்டும் துடையுங்கள். சிலிண்டர் சுவரில் உப்புத்தாளை வைக்கவே கூடாது, மேல்பூச்சு போய்விட்டால் அப்புறம் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டுகிற கீறலோ குழியோ இருந்தால் சீல் கிட் வேண்டாம், சிலிண்டரையே மாற்றுங்கள். சுவர் வழவழப்பாக இருந்தால் புதிய சீலைப் புதிய ஃப்ளூயிடில் நனைத்து, அதன் உதடு ஃப்ளூயிட் பக்கம் பார்க்கும்படி போடுங்கள். பிஸ்டனின் வெளி ஓரத்தில் ரப்பருக்கென்று வரும் கிரீஸை மிக மெல்லியதாகப் பூசினால் தூசியும் ஈரமும் நுழைவது குறையும். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் கூடாது. புஷ் ராடையும் இழுத்துத் துடைத்து, கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்திருந்தால் தெரிந்துவிடும்.

டப்பாவில் மட்டத்தைப் பற்றி நிறையப் பேர் தவறாக நினைப்பது ஒன்று. பிரேக்கில் பேட் தேயத் தேய ஃப்ளூயிட் மட்டம் இறங்கும். பெரும்பாலான ஹைட்ராலிக் கிளட்ச்சில் பிளேட் தேயத் தேய மட்டம் ஏறும். பிளேட் அடுக்கு மெலிந்தால் பிரஷர் பிளேட் உள்ளே நகர்கிறது, புஷ் ராட் ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அந்த ஃப்ளூயிட் மேலே வருகிறது. ஆகவே கிளட்ச் டப்பாவை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், ஏறுவதற்கு இடம் இல்லாவிட்டால் அழுத்தம் நின்று கிளட்ச் நழுவும். மட்டம் தானாக இறங்குகிறது என்றால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போக வேண்டாம், எங்கோ கசிகிறது, தேடிக் கண்டுபிடியுங்கள். மூடிக்கு அடியில் இருக்கும் மடிப்பு ரப்பரை மாட்டும் முன் பழையபடி மடித்து உள்ளே தள்ளுவதையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால், குறை எங்கே என்று பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும், இரண்டிலும் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. கிளட்ச் நழுவும்போது ஸ்லேவ் நிப்பிளை ஒரு கணம் திறந்து மூடுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் அழுத்தம் சிக்கியிருந்தது, ஊசி ஓட்டையையோ லீவரையோ பாருங்கள். மாறவில்லை என்றால் பிளேட் பக்கம் பாருங்கள். லீவர் மெத்தென்று இருந்தால் மாஸ்டரிலிருந்து ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த மரைக்குப் பொருந்தும் போல்ட்டும் வாஷரும் போட்டு அடைத்து, காற்றை எடுத்துவிட்டு லீவரைப் பிடியுங்கள். கல் மாதிரி நின்றால் மாஸ்டர் நன்றாக இருக்கிறது. மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்கினால் உள்ளே கப் போய்விட்டது. ஹைட்ராலிக் முழுவதும் சரியாக இருந்தும் நியூட்ரல் விழவில்லை என்றால், வளைந்த ஸ்டீல் பிளேட், பள்ளம் விழுந்த கிளட்ச் கூடை, பொருந்தாத என்ஜின் ஆயில் இவற்றில் ஏதோ ஒன்று. அதை எழுத்தில் வைத்துத் தீர்மானிக்க என்னால் முடியாது, திறந்துதான் பார்க்க வேண்டும்.

இனி மாதக் கணக்கு. பெரும்பாலான கையேடுகள் ஃப்ளூயிடை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. கிளட்சுக்கு மட்டும் நான் வருடத்துக்கு ஒருமுறை செய்கிறேன், நெரிசலில் ஓடும் வண்டி, மழையில் ஓடும் வண்டி என்றால் கட்டாயமாக. செயின் மாற்றும்போதெல்லாம் ஸ்லேவை வெளியே எடுத்துச் சுத்தம் செய்துவிடுவேன், மூடி எப்படியும் கழன்றிருக்கும். வண்டி கழுவும்போது பிரஷர் வாட்டரை ஸ்லேவ் பக்கம் நேராக அடிக்காதீர்கள். மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தால் அவ்வப்போது லீவரைப் பத்து முறை பிடித்து விடுங்கள், சீல் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளாது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் லீவர் கொஞ்சம் உறுதியாகத் தெரியும், பழைய ஹோஸ் ஆயுள் முடிந்திருந்தால் போடலாம், ஆனால் நீங்கள் சொன்ன குறையை அது தீர்க்காது.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை இது. மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். லீவர் புஷ்ஷையும் ரப்பர் உறையையும் பாருங்கள். ஸ்லேவைக் கழற்றி பிஸ்டனைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்திருந்தால் சுத்தம் செய்து மாட்டி, கீழ்வழியாக முழு ஃப்ளூயிடையும் மாற்றி, பேஞ்சோவில் இருக்கும் காற்றையும் எடுத்துவிட்டு, சூடாகும் வரை ஓட்டிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சீல் கிட்டை முதலில் போடுங்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து நிப்பிளைத் திறந்து நாலு சொட்டு வெள்ளைத் துணியில் விடுங்கள். மேலே டப்பாவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கீழே வரும் சொட்டைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தால் தைரியமாகப் பயணம் கிளம்புங்கள். புது சீல் போட்டும் ஒரே மாதத்தில் மை மாதிரி கறுத்திருந்தால், சிலிண்டரின் உள்பூச்சு போய்விட்டது என்று பொருள். ஸ்லேவையே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.